ஆடியில் நிறுத்திய மாத்திரை

பால்வண்ணம் அத்தான் அன்றைக்குச் சொன்னதை ஆவுடையப்பன் முழுசாக நம்பியதே இல்லை. பன்னிரண்டு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டும் நம்பியவன் மாதிரியே நடமாடிக்கொண்டும் இருந்திருக்கிறான். ஒரே ஆளால் இரண்டையும் எப்படிச் செய்ய முடிந்தது என்று இப்போது, திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, அத்தானுக்கு முதல் டம்ளரை ஊற்றும்போது யோசித்துப் பார்த்தான். விளங்கவில்லை. மேஜையில் ஒரு லிட்டர் பாட்டில், மருந்து கலந்த தண்ணீர், பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். கொண்டுவந்து வைத்த பெண் பச்சைச் சட்டை போட்டிருந்தாள். “ஒரேயடியாக் குடிச்சிராதீங்கய்யா, இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், அஞ்சு டம்ளர், குடல் பூரா இறங்கினாத்தான் படம் தெளிவா விழும்” என்று சொல்லிவிட்டு, ஒரு அட்டையில் செருகிய படிவத்தை ஆவுடையப்பன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பேர், வயசு, முன்னால் செய்த ஆபரேஷன், நெடுநாள் சாப்பிட்ட மருந்துகள். முதல் மூன்றையும் எழுதிவிட்டான். நான்காவது இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான், யாரோ கூப்பிட்ட மாதிரி. யாரும் கூப்பிடவில்லை. “என்னவே மாப்ள, கல்யாண வீட்டுப் பாயசமா, விளிம்பு வரைக்கும் ஊத்துதீரு?” என்றார் அத்தான். “இருநூறு மில்லி சொல்லியிருக்காங்க அத்தான்.” “உமக்கென்ன, ஊத்துத கை உம்முது. முழுங்குத வயிறு என்னுது. அதுவும் பாதி வயிறு.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிக்கும்போது இடது கை தானாகப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஆபரேஷனுக்குப் பிறகு வந்த பழக்கம் அது, சிரித்தாலும் தும்மினாலும் கை அங்கே போய்விடும். உம்முது, என்னுது. ஊத்துத கை உம்முது. வேண்டுமென்று சொன்னாரா? அத்தான் அப்படிக் குத்திப் பேசுகிற ஆள் இல்லை. குத்துவதாக இருந்தால் பத்துப் பேர் முன்னால் சத்தமாகக் குத்துவார், பிறகு தோளில் கை போட்டுக்கொள்வார். ஆனால் இந்தக் கை, மருந்தை எடுத்து நீட்டுகிற இந்தக் கை, இதே கோணத்தில், இதே விரல்களால்தான் அன்றைக்கும் நீட்டியது. அப்போது டம்ளர் இல்லை. காகித உறை.

காகித உறை. ஆவுடையப்பனின் மெடிக்கல் ஷாப்பில் அந்த உறைகளைப் பழைய நோட்டுத் தாளில் ஒட்டி வைத்திருப்பார்கள். பட்டையிலிருந்து வெட்டி உதிர்த்த மாத்திரைகளை அதில் போட்டு வாயை மடித்துக் கொடுப்பதற்கு ‘செட்டு’ என்று பேர். தலைவலிக்கு ஒரு செட்டு, சளிக்கு ஒரு செட்டு, மூட்டு வலிக்கு ஒரு செட்டு. டாக்டர் சீட்டு இருக்கிறவர்கள் சீட்டை நீட்டுவார்கள், இல்லாதவர்கள் வலிக்கிற இடத்தைக் காட்டுவார்கள். காட்டினால் போதும், கை பழக்கத்தில் போய் எடுத்துவிடும். ஊரில் பாதிப் பேர் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று முதல் இரண்டு வருஷம் சொன்னான், பிறகு சொல்லவில்லை. அதுவும் ஒரு குற்றம்தானா? சிறிய குற்றம். இன்றைக்கு அதை எடுக்க வேண்டாம். அத்தானுக்கு அப்போது ஐம்பத்தொரு வயசு, சுரண்டையில் பரோட்டாக் கடை. மத்தியானம் மாவு பிசையக் குனிந்தால் சாயங்காலம் கல்லுக்கு முன்னால் நிற்கத் தொடங்கி ஏழெட்டு மணி நேரம் நிற்பார். அந்தத் தை மாசம் வலது முட்டி வீங்கியது. உலகம்மாக்கா போன் பண்ணினாள். “ஏ தம்பி, உங்கத்தான் கல்லு முன்னால ஒத்தக் கால்ல கொக்கு மாதிரி நிக்காரு, பாக்கச் சகிக்கல, ஏதாவது கொண்டுட்டு வா.” கொண்டுபோனான். சனிக்கிழமைதோறும் அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம். தாய்வீட்டிலிருந்து போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது, மற்றவர்கள் பழம் வாங்குவார்கள், பூ வாங்குவார்கள், ஆவுடையப்பன் மாத்திரை கொண்டுபோனான். முதலில் அஞ்சு நாளைக்கு. அஞ்சாம் நாள் அத்தான் தெருவில் ஓடிக் காட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிர் வீட்டு ஆட்கள் பார்க்க, ஓடியே காட்டினார். “எல்லாப் பயலுக்கும் மச்சினன் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் குடுப்பான். எனக்குப் பாரும்வே, காலே எடுத்துக் குடுத்துட்டான்!” கடையில் சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மறு சனிக்கிழமையும் உறை போயிற்று. அதற்கு மறு சனிக்கிழமையும். பத்து நாளைக்கு மேல் அந்த மாத்திரை ஒருவர் வயிற்றிலும் போகக் கூடாது என்பது ஆவுடையப்பனுக்குத் தெரியும். தெரியாமல் செய்தவன் கொடுத்து வைத்தவன். அவன் வாசல் ஏறும்போது அத்தான் முகத்தில் வருகிற அந்த வெளிச்சம், அதற்காகத்தான் கொடுத்தானோ? சிறு வயசில் அவனைத் தூக்கி வளர்த்த அக்காவின் புருஷன், எப்போதும் இவனுக்கே சோறு போட்டவர், முதன்முதலாக இவன் கையை எதிர்பார்த்து நின்றார். அது பிடித்திருந்தது. வயிற்றைக் காக்கிற கேஸ் மாத்திரையும் சேர்த்துத்தான் போட்டேனே என்று உள்ளே ஒரு குரல் உடனே எழுந்து நிற்கும், போட்டேன், முதல் நாலு உறையில் போட்டேன், பிறகு அத்தான் “இது எதுக்குவே இன்னொரு உருண்டை, என் வயிறு கல்லையே செரிக்கும்” என்றார், விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்கிற சொல் எவ்வளவு லேசாக இருக்கிறது.

இரண்டாவது டம்ளர். அத்தான் இதை மடக்கு மடக்காகக் குடித்தார், ஒவ்வொரு மடக்குக்கும் நடுவில் சுவரில் ஒட்டியிருந்த குடலின் படத்தைப் பார்த்துக்கொண்டார். “இருபத்திரண்டு அடியாமே மாப்ள? நம்ம கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் உள்ள தூரம். இதுக்குள்ள எங்க அடைச்சுக்கிட்டிருக்குன்னு இந்தப் பிள்ளை கண்டுபிடிக்கணும்.” காலையில் ஸ்கேன் எழுதிக் கொடுத்த டாக்டரும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். மூன்று மாசமாக அத்தானுக்குச் சாப்பிட்டால் வயிறு முறுக்குகிறது, உள்ளே தண்ணீர்க் குழாய் மாதிரிச் சத்தம் கேட்கிறது, பிறகு வாந்தி. டாக்டர் வயிற்றின் மேல் இரண்டு விரலை வைத்துத் தட்டிக்கொண்டே பேசினார், தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி. “ரெண்டு வழிதான் இருக்கு. பழைய ஆபரேஷனால குடல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கலாம். அப்படின்னா திரும்பத் திறக்கக் கூடாது, திறந்தா இன்னும் ஒட்டும், பட்டினி போட்டுக் காத்திருந்து சமாளிக்கணும். இன்னொண்ணு, வலி மாத்திரை மாசக்கணக்கா சாப்பிட்டவங்களுக்குச் சிறுகுடல்ல உள்பக்கம் வளையம் வளையமாச் சுருக்கம் விழும். அது காத்திருந்தாச் சரியாகாது, அந்த இடத்தை எடுத்துத்தான் ஆகணும். படத்துல சில சமயம் ரெண்டும் ஒண்ணு போலத் தெரியும். அதனாலதான் கேக்கேன். வலி மாத்திரை சாப்பிட்டீங்களா? எத்தனை நாள்?” அத்தான் யோசிக்கக்கூட இல்லை. “இல்ல சார். நாட்டு மருந்துதான்.” டாக்டர் ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆவுடையப்பன் என்ன செய்தான்? மேஜை மேல் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்தான், உள்ளே ஒரு நீலப் பூ. டாக்டர் எழுதிக்கொண்டார். அந்த நீலப் பூவை ஏன் பார்த்தேன், ஐம்பத்தாறு வயசில் ஒரு ஆள், மருந்துக் கடை வைத்திருக்கிற ஆள், தப்பான வழியில் வெட்டவோ வெட்டாமல் விடவோ போகிறார்கள் என்று தெரிந்தும் ஒரு கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெரிந்தும் என்று எப்படிச் சொல்ல முடியும்? அத்தான் சொன்னது நிஜமாக இருந்தால்? நிஜமாக இருந்தால் நான் வாய் திறப்பதுதானே தப்பு. பார், மறுபடியும் அந்தக் கதைக்குள் போய் ஒளிந்துகொள்கிறாய்.

அந்தக் கதை அவனுக்கு வரி வரியாக மனப்பாடம். கார்த்திகை மாசம் ஒரு மத்தியானம் மாவு பிசைந்துகொண்டிருந்த அத்தான் அண்டா மேலேயே கவிழ்ந்தார். வயிறு பலகை மாதிரி ஆகியிருந்தது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து, இரைப்பை முடிகிற இடத்தில் ஓட்டை என்று தைத்தார்கள். பத்தாம் நாள் தையல் கசிந்தது. மறுபடி திறந்து பாதி இரைப்பையை எடுத்துவிட்டுக் குடலைத் தூக்கி இணைத்தார்கள். சீழுக்காக ஏற்றிய மருந்து குடலைக் கலக்கிவிட, ஒரு நாளைக்கு இருபது தடவை போனார், கட்டிலிலேயே, உலகம்மாக்கா முகத்தைப் பார்க்காமல். மூக்கு வழியாகக் குழாய். அந்தக் குழாயோடுதான் சொன்னார். ஆவுடையப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஒரு வாரமாகச் சாப்பிடாமல், தாடியோடு, அழக்கூடத் தைரியமில்லாமல். அத்தான் விரலை அசைத்துக் கிட்டத்தில் கூப்பிட்டார். “உம்ம மாத்திரை இல்லவே. அதை நான் ஆடி மாசமே நிறுத்திட்டேன். புளியங்குடி போற வழியில ஒரு வைத்தியர், அவர் குடுத்த சூரணம் தின்னேன். சாம்பல் மாதிரி இருக்கும். அதான் வயித்தை ஓட்டை போட்டுட்டு.” “அப்ப நான் சனிக்கிழமை சனிக்கிழமை கொண்டாந்தது?” “வாய்க்கால்ல போட்டேன். உம்ம மனசு நோகக் கூடாதுன்னு கையில வாங்கிக்கிட்டேன்.” அந்த நிமிஷம் ஆவுடையப்பன் கட்டில் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். நிம்மதியில். அதைத்தான் அவன் தன்னை மன்னிக்காமல் வைத்திருக்கிறான். எதிரே ஒரு மனுஷன் மூக்கில் குழாயோடு கிடக்க, இவன் நிம்மதிப்பட்டான். வெளியே வந்து இரண்டு பரோட்டா சாப்பிட்டான். பரோட்டா. வேறு எதுவும் கிடைக்கவில்லையா அந்த மதுரையில்?

சந்தேகம் பிறகு மெதுவாக வந்தது, வாசல் தெரியாத விருந்தாளி மாதிரித் தயங்கித் தயங்கி. ஒரு நாள் அக்காவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டான், அந்தச் சூரணம் மீதி இருக்கா என்று. “என்ன சூரணம்?” என்றாள். அடுப்பைப் பார்த்தபடி ஒரு நொடி நின்றுவிட்டு, “ஆமாமா, அது கறுப்பா இருக்கும், எல்லாத்தையும் தூரப் போட்டாச்சு” என்றாள். அத்தான் சாம்பல் மாதிரி என்றார், அக்கா கறுப்பு என்றாள். சாம்பலிலும் கறுப்பு உண்டுதானே என்று பஸ்ஸில் திரும்பும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், சொன்னதும் எவ்வளவு கேவலமாக இருந்தது. இன்னொரு தடவை புளியங்குடி வழியில் பைக்கை நிறுத்தி நிறுத்தி விசாரித்தான். ஒரு சைக்கிள் கடைக்காரர், “வைத்தியரா? இங்கனயா? பஞ்சர் பாக்கணும்னா சொல்லுங்க” என்றார். அந்த வைத்தியர் செத்துப்போயிருக்கலாம். ஊர் மாறியிருக்கலாம். பன்னிரண்டு வருஷத்தில் இல்லாத ஒரு வைத்தியருக்கு எத்தனை வீடு மாற்றிக் கொடுத்திருக்கிறான் இவன். அத்தானிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்க நினைத்துப் போன சனிக்கிழமைகள் உண்டு. போய் உட்கார்ந்தால் அவர் தன் சாப்பாட்டோடு போராடிக்கொண்டிருப்பார். கைப்பிடிச் சோறு, ஒரு நாளைக்கு ஆறு தடவை. கொஞ்சம் இனிப்பு பட்டால் போதும், அரை மணி நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கட்டிலுக்குப் போவார். ராத்திரிக் கடையில் இருநூறு பேருக்குப் பரோட்டா வீசுகிற கை, தன் தட்டில் அரைப் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்து, ஊறவைத்ததை எண்ணி எண்ணி மெல்லும். “பாத்தீரா மாப்ள, பல்லு முளைச்ச பிள்ளைக்கு ஊட்டுத மாதிரி எனக்கு நானே ஊட்டுதேன்.” இதற்கு நடுவில் என்னவென்று கேட்பது? கேட்டால் இரண்டு பதில்தான். நான் சொன்னது நிஜம் என்று அவர் சொன்னால் இவன் நம்ப மாட்டான். பொய் என்றால்? பொய் என்றால் அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமை எந்த முகத்தோடு அந்த வாசலில் ஏறுவது? ஆக, கேட்காமல் இருப்பதை மரியாதை என்று வைத்துக்கொண்டான். கடைக்குப் போய் வழக்கம்போல் உட்கார்ந்தான். உறை ஒட்டுவதை மட்டும் நிறுத்தினான். செட்டு கேட்டு வந்தவர்களிடம் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று எரிந்து விழுந்தான், ஊரில் டாக்டர் என்று கூப்பிடுவதும் நின்றது. அது ஏதோ பரிகாரம் என்று நினைத்தான் போலிருக்கிறது. அதில் அத்தானுக்கு என்ன வந்தது?

மூன்றாவது டம்ளர் பாதியில் அத்தானுக்கு முறுக்கு வந்தது. டம்ளரை இவனிடம் நீட்டிவிட்டு முன்னால் குனிந்தார், முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றி, கண்ணை மூடி. பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையை நகர்த்தி இடம் விட்டாள். ஆவுடையப்பன் அவர் முதுகில் கை வைத்தான். சட்டைக்குள் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. ஒரு காலத்தில் இந்த முதுகில் கை வைத்தால் சுவரில் வைத்த மாதிரி இருக்கும். உள்ளே அந்தச் சத்தம் இவனுக்கே கேட்டது, குழாயில் காற்றும் தண்ணீரும் சண்டை போடுகிற சத்தம். ஏதோ ஒரு இடத்தில், அந்த இருபத்திரண்டு அடியில் ஏதோ ஒரு இடத்தில், தண்ணீர் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒட்டலா, வளையமா. “நர்ஸைக் கூப்பிடட்டா அத்தான்?” “சும்மா இரும்வே. எனக்குப் பழகின சண்டைதான், அது ரெண்டு நிமிஷத்துல சமாதானம் ஆயிரும்.” ஆயிற்று. நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “உங்கக்கா வந்திருந்தா இந்நேரம் இந்த இடத்தையே அழுது கழுவிவிட்டிருப்பா” என்றார். நாலாவது டம்ளரைப் பச்சைச் சட்டைப் பெண்ணே வந்து கலக்கிவிட்டு ஊற்றினாள். “அடியில மருந்து தங்கியிருக்கும், இதுக்கப்புறம் கொஞ்சம் டேஸ்ட் மாறும்யா. அந்த ஃபார்ம் எழுதிட்டீங்களா சார்? கடைசி டம்ளர் முடிஞ்சதும் உள்ள கூப்பிடுவாங்க, ரிப்போர்ட் எழுதுற டாக்டர் அதைப் பாத்துத்தான் படத்தைப் பாப்பாரு.” “எழுதிக்கிட்டிருக்கேம்மா” என்றான் ஆவுடையப்பன். பேனா இன்னும் பையில்தான் இருந்தது.

அத்தான் ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தார். “ச்சீ, என்ன கசப்பு! அந்தக் காலத்துல நீரு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை குடுப்பீருல்லா, மிளகு தண்டி, அது நாக்குல பட்டா இப்படித்தான் இருக்கும். தொண்டையில இறங்கின பொறவும் அரை மணி நேரம் கசக்கும்.” சொல்லிவிட்டு அடுத்த வாய் குடித்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு குழந்தையின் எக்ஸ்ரே படத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வெள்ளை மாத்திரை. அதைப் பற்றி ஆவுடையப்பன் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம், பெண்டாட்டியிடம், ஏன், தனக்குத்தானே திரும்பத் திரும்ப நடத்திக்கொண்ட விசாரணையில்கூட அதன் பக்கத்தில் வரும்போதெல்லாம் எண்ணத்தை வேறு பக்கம் திருப்பிவிடுவான். ஸ்டீராய்டு. வலி மாத்திரையோடு அதைச் சேர்த்தால் வயிற்றுக்கு நெருப்பு வைத்த மாதிரி, மருந்துக் கடையில் முதல் வருஷம் நிற்கிறவனுக்கே தெரியும். புரட்டாசிக் கடைசியில் அக்கா சொன்னாள், தீபாவளிக் கூட்டம் வரப்போகுது, மாத்திரை முன்ன மாதிரி கேக்கலையாம், கால் திரும்ப வீங்குது என்று. திரும்ப அந்த முகத்தின் வெளிச்சம் வேண்டும். ஐப்பசி முதல் சனிக்கிழமை உறையில்தான் அதை முதன்முதலாகப் போட்டான். புரட்டாசி கூட இல்லை, ஐப்பசி. ஆடி மாசம் நிறுத்தியவருக்கு, வாங்கி வாங்கி வாய்க்காலில் போட்டவருக்கு, ஐப்பசி மாத்திரையின் கசப்பு எப்படித் தெரியும்? அது நாக்கில் இருக்கிறதே, பன்னிரண்டு வருஷம் கழித்து, பாதி வயிறும் போன பிறகு, நாக்கு வைத்திருக்கிறதே.

ஆக, தின்றார். வைத்தியர் இல்லை, சாம்பலும் இல்லை, கறுப்பும் இல்லை. மூக்கில் குழாயோடு கிடந்தவர், இரண்டாம் தடவை தைத்த வயிற்றோடு, கட்டில் ஓரம் நின்ற மச்சினனின் தாடியைப் பார்த்து, ஒரு வைத்தியரை உண்டாக்கி, அவருக்கு ஒரு ஊர் உண்டாக்கி, சூரணத்துக்கு நிறம் உண்டாக்கி, பெண்டாட்டிக்கும் சொல்லிக் கொடுத்து, சரியாகச் சொல்லிக் கொடுக்கத்தான் நேரமில்லாமல் போயிருக்கிறது. இன்றைக்குக் காலையிலும், வெட்டுவதா வேண்டாமா என்று டாக்டர் கேட்கும்போதும், அதே பொய். இந்தப் பொய்க்காகக் குடலையே பணயம் வைத்துவிட்டு உட்கார்ந்து எக்ஸ்ரே பார்க்கிறார். ஏன் அத்தான் இப்படிச் செய்தீங்க என்று காலில் விழ வேண்டும் போலிருந்தது. விழுந்தால் என்ன ஆகும்? அவர் தூக்கிவிடுவார். தட்டிக் கொடுப்பார். ஏதாவது கேலி பேசுவார். மறுபடியும் இவன் நிம்மதிப்படுவான், அவர் செலவில். பன்னிரண்டு வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வி எதுவாக இருந்தாலும் அது இவனைப் பற்றிய கேள்வியாகவே இருந்திருக்கிறது, என் மாத்திரையா, நானா, என் மேல் தப்பா, என்னை மன்னித்தீர்களா. அவர் வயிற்றைப் பற்றி ஒரு கேள்வியும் இருந்ததில்லை. நீங்க நிஜமாகவே நிறுத்தினீங்களா என்று கேட்டால் நிறுத்தினேன்வே என்று அதே முகத்தோடு சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த வழியை அவருக்கு விடக் கூடாது. தனக்கும்.

அஞ்சாவது டம்ளரை ஊற்றி அவர் கையில் கொடுத்தான். பாட்டிலின் அடியில் கொஞ்சம் வெள்ளையாகத் தங்கியிருந்ததையும் சுழற்றி ஊற்றினான். உள்ளே யாரோ ஒரு பேரைக் கூப்பிட்டார்கள், இவர்கள் பேர் இல்லை, அடுத்தது இவர்கள். படிவத்தை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தான். நெடுநாள் சாப்பிட்ட மருந்துகள் என்பதற்கு எதிரே வலி மாத்திரையின் பேரை எழுதினான், மில்லிகிராமோடு, நாளைக்கு மூன்று வேளை. அதன் கீழே அந்தச் சின்ன மாத்திரையின் பேரையும் எழுதினான். எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. அதன் கீழே, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்தது ஆவுடையப்பன், மச்சினன், என்று எழுதிக் கடையின் பேரையும் போட்டான். அத்தான் டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “என்னவே அம்புட்டு எழுதுதீரு? நாட்டு மருந்துன்னு ஒத்த வரி போட்டு நீட்டும். கடைக்குக் கெட்ட பேரு வந்து சேரும், நாளைக்கு எவனாவது லைசென்ஸைக் கேட்டு வந்து நிப்பான்.” சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். அப்படியே நிறுத்தினார். டம்ளரில் இன்னும் பாதி இருந்தது. ஆவுடையப்பன் எழுத மீதியிருந்த ஒரே இடத்தில் பேனா முனையை வைத்துக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான்:

“எத்தனை மாசம் சாப்பிட்டீங்க, அத்தான்?”